காரைக்காலில் குடித்த அரை கிளாஸ்

மதியம் ஒன்றரை மணி இருக்கும். காரைக்காலில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையின் முன்னால், நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிட்டே போனால் சாப்பிட்டுவிடுவேனோ என்று பயம். காலையில் கும்பகோணத்தில் பஸ் ஏறும்போது இரண்டு இட்லி தின்றதுதான். மேசை மேல் கொடுவா மீன் குழம்பு மூடியையும் மீறி மணத்துக்கொண்டிருந்தது.

அன்று சனிக்கிழமை. பேரளத்திலிருந்து பஸ் முழுக்கத் திருநள்ளாற்றுக் கூட்டம். சனீஸ்வரனுக்கென்று யாரோ கொண்டுவந்த நல்லெண்ணெய் என் தோளில் கொட்டி, சட்டை இன்னும் காயவில்லை. அந்த லட்சணத்தில்தான் நான் ஒரு முக்கியமான காரியத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் கயல்விழியை அந்த வீட்டுப் பிள்ளை ஜெரோமுக்குக் கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் காரியம். பிள்ளையும் பெண்ணும் சென்னையில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். சாதி வேறு, மதம் வேறு. எனக்கு அதில் எவ்வளவு சங்கடம், என் அண்ணனுக்கு எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அண்ணன் வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் விவசாயம் பார்ப்பவர். அப்பா போன பிறகு எங்களுக்கு அவர்தான் எல்லாம். கிளம்பும்போது ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

"குரு, அங்க கை நனைக்காத. தண்ணிகூட வாங்கிக் குடிக்காத. பேசிட்டு எழுந்து வந்துடு."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சம்பந்தம் பேசப் போன இடத்தில் பேச்சு முடிவாகும்வரை சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம். அப்புறம் தாம்பூலம் மாற்றுவதெல்லாம் ஒப்புக்கு நடப்பது.

ஜெரோமின் அப்பா அந்துவான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். நெடுநெடுவென்று இருப்பார். அளந்துதான் பேசுவார். அவர் உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டு வந்து, சின்னக் கண்ணாடி கிளாஸில் பாதி ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"அலமாரியில ஒண்ணு வச்சிருக்கேன் சார். அது விருந்தாளிங்களுக்கு. இது நாங்க தினமும் குடிக்கிறது. மலிவு சரக்குதான்."

எடுத்துக் குடித்தேன். என் வாழ்க்கையில் நான் குடித்த முதல் ஒயின் அது. அந்த அரை கிளாஸில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

திராட்சை ஜூஸ் என்று நினைத்துத் தெரியாமல் குடித்துவிட்டேன் என்பதுதான் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை வழங்கி வரும் வரலாறு. போன பொங்கலுக்குக் கயல் சொன்ன ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அது அப்படியே வழங்கிக்கொண்டு இருந்திருக்கும். அந்த வார்த்தைக்குக் கடைசியில் வருகிறேன். சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. அதுவரை ஒயினைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

ஒயின் இல்லாத ஒயின்ஷாப்

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் பள்ளிக்கூடக் கதையாகவே எழுதி வந்தேன். திடீரென்று வாத்தியார் பாட்டிலோடு வந்து நிற்கிறாரே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டோடு, ஒரு கிளாஸ். அதற்கு மேல் கிடையாது. என் மனைவி தனம் கிளாஸின் அளவையும் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள்.

கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்துவான் ஊற்றுவார். நான்காம் ஐந்தாம் தடவைக்குள் எனக்கு அது பிடித்துப் போயிற்று. தஞ்சாவூருக்குத் திரும்பியதும் நாமே வாங்கிப் பார்ப்போமே என்று தோன்றியது.

எங்கள் ஊரில் சாராயம் விற்கிற எந்தக் கடைக்கும் ஒயின்ஷாப் என்றுதான் பேர். நம்பிக்கையோடு போனேன். பையைத் தலைப்புறம் தூக்கிப் பிடித்து முகத்தை மறைத்தபடி கம்பி ஜன்னலுக்குள் குனிந்து, "ஒயின் இருக்குங்களா?" என்று கேட்டேன். உள்ளே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒயினா? அதெல்லாம் யாருங்க கேக்கறாங்க? பிராந்தி இருக்கு, பீரு இருக்கு. உடம்புக்கு எதுவும் பிரச்சினையா சார்?"

பின்னால் நின்றவர் என் பழைய மாணவர். "சார் கேக்கறதை எடுத்துக் குடுண்ணே" என்று எனக்காக அவர் சண்டை போட்டதில் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பெரிய கடைகளில் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு அங்கே போய் வாங்கினேன். முகத்தை மறைக்கிற வேலையும் அன்றோடு முடிந்தது.

முதல் பாட்டிலில் தக்கை இருந்தது. தக்கைத் திருகியெல்லாம் எங்கள் வீட்டில் ஏது? அரிசி மண்டியில் மூட்டையைக் குத்தி மாதிரி எடுப்பார்களே, குத்தூசி, அது ஒன்று பரணில் கிடந்தது. அதை வைத்துக் குத்தினேன். தக்கை உள்ளே போய் மிதந்தது. வடிகட்டியில் வடிகட்டித்தான் குடித்தோம். "குடித்தோம்" என்று பன்மையில் எழுதியதைத் தனம் படித்தால் கோபிப்பாள். அவள் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை.

அன்றிலிருந்து நான் திருகு மூடி கட்சி. தக்கை போட்டால் உசத்தி, மூடி போட்டால் மட்டம் என்று சொல்கிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. அவர்கள் வடிகட்டியைத் தேடிய ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததில்லை.

நெல்லுக்குள் ஒளித்து வைத்தது

ஒயினைக் குளிர்ச்சியான இருட்டில் வைக்க வேண்டும் என்று எங்கேயோ படித்தேன். தஞ்சாவூர் வெயிலில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? ஃபிரிட்ஜில் மாவுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடையாது என்று தனம் முதல் நாளே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ஊரிலிருந்து எங்கள் பங்குக் குறுவை நெல் வந்து பின்கட்டு அறையில் அடுக்கியிருந்தது. அறுத்து நாலு நாள்கூட ஆகாத நெல். மழைக்குப் பயந்து சரியாகக் காயப்போடாமல் ஈரத்தோடு மூட்டை பிடித்து அனுப்பியிருந்தார்கள். அடி மூட்டையைப் பிரித்து, இரண்டு பாட்டிலைத் துண்டில் சுற்றி நடுவில் புதைத்து, மேலே நெல்லைத் தள்ளிக் கட்டினேன். இருட்டு. வெயில் படாது. விருந்தாளி கண்ணிலும் படாது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கையை விட்டேன். மூட்டைக்குள் கதகதவென்று இருந்தது. பாட்டில் குழந்தைக்குக் குளிப்பாட்டுகிற வெந்நீர்ச் சூட்டில் வந்தது. திறந்தால் வேகவைத்த திராட்சைப் பழம். வாயில் வைத்தால் கஷாயம்.

தனம் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "வாழைத்தாரைப் பழுக்க வைக்க நெல்லுக்குள்ளதானே வைப்போம்? அது தெரியாதாங்க உங்களுக்கு? ஈர நெல்லு அனலா கொதிக்குமே."

தெரியும். நன்றாகத் தெரியும். பத்து வயதிலிருந்து நெல்லுக்குள் கையை விட்டு மாங்காய் பழுத்ததா என்று பார்த்தவன் நான். ஈர நெல் ஏன் சூடாகிறது என்று பத்து மார்க் கேள்வி போட்டவனும் நான். ஆனால் படித்த விஷயமும் பிறந்த ஊரும் என் தலைக்குள் வேறு வேறு அறையில் இருந்து தொலைத்தன. நெல்லுக்குள் வைத்தால் பத்திரம் என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற ஈர மணலில் படுக்க வைக்கிறேன். இதுவரை பழுதில்லை.

நாற்பது பக்க நோட்டு

ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் என்னென்னவோ பழத்தின் பேரைச் சொல்கிறார்கள். அதில் பாதியை நான் கண்ணால் பார்த்தது இல்லை. பார்க்காத பழத்தின் வாசனையை நான் எங்கே போய்த் தேடுவது? எனக்குத் தெரிந்த வாசனையை வைத்து நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். சிலவற்றைக் கீழே தருகிறேன். கம்பெனிப் பேரெல்லாம் வேண்டாம்.

கறுப்புத் திராட்சை படம் போட்டது: "முதல் வாய், நாவல்பழம் தின்ற நாக்கு. இரண்டாவது வாய், முளைகட்ட வைத்த விதைநெல் சாக்கை மறுநாள் காலையில் பிரித்தால் வருமே, அந்த வாசம். மூன்றாவது வாயில் சண்டை ஓய்ந்து எல்லாம் சமாதானம்."

பச்சை பாட்டில், வெள்ளை ஒயின்: "நார்த்தங்காய் இலை. முத்துப்பேட்டை இறால் வறுவலுக்குப் பிரமாதம். தனியாகக் குடித்தால் பல் கூசும்."

ரோஸ் நிறத்தில் ஒன்று: "இட்லிக்கும் பாசிப்பருப்புக் கடப்பாவுக்கும் சேரும் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பேன். சேருகிறது."

ஒருவர் பரிசாகக் கொடுத்த விலை உயர்ந்தது: "நன்றாக இருக்கிறது. புது வேட்டி கட்டிக்கொண்டு தரையில் உட்காருவதுபோல் பயந்து பயந்து குடிக்க வேண்டியிருக்கிறது."

வற்றல் குழம்போடு மட்டும் எந்த ஒயினும் ஒத்துப் போகவில்லை. ஏழு பாட்டிலில் முயற்சி செய்து, தப்பு ஒயினுடையது என்று முடிவு செய்தேன்.

மலிவான ஒயின்தான் எனக்குப் பிடிக்கும். கஞ்சத்தனம் என்று மாப்பிள்ளை கேலி செய்வார். அந்துவான் அன்று விருந்தாளி பாட்டிலை எடுக்காமல் வீட்டு பாட்டிலை எடுத்தார் அல்லவா, ஒயின் என்றால் எனக்கு அந்த ருசிதான். அதற்குமேல் போனால் யாரோ வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

அந்துவானுக்கு இப்போது எண்பது வயது. ஈரலைக் காரணம் காட்டி டாக்டர் ஒயினை நிறுத்திவிட்டார். ஞாயிறு மதியம் நான் போன் போடுவேன். குடித்துக்கொண்டே அவருக்குச் சொல்ல வேண்டும். "துவர்ப்பு எப்படி சம்பந்தி? முன்னாடி நிக்குதா, பின்னாடி வருதா?" என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் "ம்... ம்..." என்று கேட்கும். அந்த "ம்" கேட்கும்போது பழைய ஞாயிற்றுக்கிழமைகள், அந்த மேசை, சம்பந்தியம்மா மரி ரொட்டியை வெட்டுகிற சத்தம், எல்லாம் வந்து போகும்.

அண்ணனின் சட்டம்

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். சாயங்காலம் நேரே ஊருக்குப் போய் அண்ணன் முன்னால் நின்றேன். களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. ஒரு தப்பு நடந்துபோச்சு. திராட்சை ஜூஸ்னு குடுத்தாங்க. வெயில்ல போனேனா, வாங்கிக் குடிச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அது ஒயினுன்னு."

அண்ணன் வைக்கோலைக் கீழே போட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தார்.

"எல்லாத்தையும் குடிச்சுட்டியா?"

"குடிச்சுட்டேண்ணே."

"அறிவு இருக்காடா உனக்கு? தண்ணிகூட வேணாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. கை நனைச்சாச்சு. நனைச்சுட்டு வந்து இல்லைன்னு சொன்னா நம்ம வீட்டுக்கு என்ன மருவாதி? தெரிஞ்சு குடிச்சாலும் தெரியாம குடிச்சாலும் சொல்லு சொல்லுதான். ஆக வேண்டியதைப் பாரு."

அதுதான் அண்ணன். மகளுக்காக மன்றாடியிருந்தால் ஒரு மாதமானாலும் இறங்கி வந்திருக்க மாட்டார். வழக்கத்துக்கு முன்னால் ஒரே நிமிஷத்தில் தலை குனிந்தார். கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவரும் அவர்தான். சீர்வரிசையில் ஒரு குறை வைக்கவில்லை. பந்தியில் நின்று எல்லோரிடமும் கதையைச் சொன்னார். "எங்க வாத்தியாரு ஜூஸுன்னு நெனச்சுப் பொண்ணையே குடுத்துட்டு வந்துட்டான்!" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். மணப்பெண்ணாக நின்றுகொண்டிருந்த கயல் அன்றுதான் அந்தக் கதையை முதல்முறையாகக் கேட்டாள்.

பொங்கலன்று

பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. கயலும் ஜெரோமும் நன்றாக இருக்கிறார்கள். போன பொங்கலுக்கு வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து, பேத்தி அவள் அம்மாவிடம் கேட்டாள். "தாத்தா எப்படிம்மா உன் கல்யாணத்துக்கு ஓகே சொன்னாங்க?"

"தாத்தா எங்க சொன்னாங்க?" என்றாள் கயல். வாழை இலைகளை மடித்து எடுத்துக்கொண்டிருந்தாள். "தாத்தா தெரியாமக் குடிச்சுட்டாங்க. அதனால எனக்குக் கல்யாணம் ஆச்சு. தெரிஞ்சிருந்தா வேணாம்னுதானே சொல்லியிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவள் சிரிப்பு முடிந்துவிட்டது. இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த கதைக்குள் இவள் பதினெட்டு வருஷமாகக் குடியிருந்திருக்கிறாள். அப்பா சம்மதிக்கவில்லை, அகப்பட்டுக்கொண்டார் என்று. எனக்கு அழுகை வந்தது. கை கழுவப் போகிறவன்போல் எழுந்து போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கயல் சொன்னதை அந்துவானிடம் சொன்னேன். "நான் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல சம்பந்தி. மரிகிட்டகூடச் சொல்லல. அது உங்க வீட்டு விஷயம். ஆனா பாவம், அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லியிருக்கணும்" என்றார்.

நேரில் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு தடவை கயலுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா, மழை உண்டா என்று கேட்டு வைத்துவிட்டேன். முப்பது வருஷம் வகுப்பில் கத்தியவனுக்கு மகளிடம் பேச வாய் வரவில்லை. எழுத்து கொஞ்சம் வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த மேசையில் நடந்தது

மீன் குழம்பில் மிளகாயே இல்லை. மரி அம்மா மூடியைத் திறந்தபோது பார்த்தேன். நிறமே வெளுப்பு. கூட்டிலும் இல்லை, வறுவலிலும் இல்லை. அந்தக் காலத்தில் எனக்கு வயிற்றுப் புண். காரம் பட்டால் இரண்டு நாள் படுக்கை.

"அப்பாவுக்குக் காரம் ஆகாதுன்னு கயல் முன்னாடியே ஒரு நாள் பேச்சுவாக்குல சொல்லிச்சு" என்றார் அந்த அம்மா. "நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும் சார். எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியும். அதுக்காக சமைக்காம இருக்க முடியுமா?" சொல்லிவிட்டு ரொட்டி எடுத்துவர அடுப்படிக்குப் போய்விட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வந்தவனுக்காக, அவன் தொடமாட்டான் என்று தெரிந்தே, அவன் வயிற்றுக்கு ஆகிற மாதிரி மூன்று கறி சமைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் என் பெண்ணுக்கு என்ன குறை வந்துவிடும்? பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

அப்போதுதான் அந்துவான் அந்த பாட்டிலைக் கொண்டுவந்து ஊற்றினார். நான் கையை நீட்டினேன். அவர் கிளாஸின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"சார், இது ஒயின். ஜூஸ் இல்ல. நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். இதைக் குடிச்சா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"கையை எடுங்க" என்றேன். எடுத்தார். நான் மூன்று மடக்கில் குடித்தேன்.

அண்ணனிடம் சம்மதம் சொல்லிவிட்டேன் என்று சொல்லத் துணிவில்லை. தப்பு நடந்துவிட்டது என்று சொன்னால் அவருடைய சட்டமே அவரைக் கட்டிப்போடும் என்று தெரியும். திரும்பி வருகிற பஸ்ஸில், நன்னிலம் தாண்டுவதற்குள் அந்த ஜூஸ் கதையைத் தயார் செய்தேன். ஒரு வேதியியல் வாத்தியாருக்கு மூக்குக் கிட்டே கொண்டுபோனதும் அது என்னவென்று தெரியாதா என்று இதுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

அண்ணன் இந்தப் பத்திரிகையை வியாழக்கிழமை வலங்கைமானில் உரக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரி விடாமல் படிப்பவர். தம்பி தன்னை ஏமாற்றியிருக்கிறான் என்று நாலு பேர் நடுவில் தெரிந்துகொள்வார். இந்த வயதில் என்னோடு பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய் அவர் வாசலில் நிற்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

கயல், ஒரு பயந்தாங்கொள்ளி தன் அண்ணனுக்குச் சொன்ன பொய்யை நீ இத்தனை வருஷம் சுமந்திருக்கிறாய். மன்னித்துவிடு அம்மா. உன் கல்யாணம் தப்பாக நடந்தது இல்லை. அந்த கிளாஸில் இருந்தது என்னவென்று உன் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் குடித்தேன்.